சோர்ஸ்ல இருந்து ஒரு கிராஸ் கம்பைலர்: லினக்ஸ், மேக், விண்டோஸ் மூணுலயும்

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடையை அப்படியே விட்டிருக்கிறோம். திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் வெட்டியிருக்கிறோம். கமாண்டுகளும் ஆப்ஷன்களும் வாயால் சொன்னபடியே தமிழில் உள்ளன.)

இன்னிக்கு எபிசோட் கொஞ்சம் நீளம். டீயோ காபியோ எடுத்துட்டு வந்துடுங்க.

உங்க கையில ஒரு ராஸ்பெர்ரி பை பிகோ இருக்குன்னு வெச்சுக்கோங்க. 2021 ஜனவரியில வந்த போர்டு, விரல் நீளம்தான் இருக்கும். உள்ள ஆர்பி2040-ன்னு ஒரு சிப். அதுல ரேம் எவ்வளவு தெரியுமா? 264 கிலோபைட். நீங்க வாட்ஸ்அப்ல அனுப்புற ஒரு போட்டோ பல நேரம் அதைவிடப் பெருசு.

இப்ப அந்தச் சிப்புக்கு சி-யில ஒரு ப்ரோக்ராம் எழுதணும். எழுதினதை மெஷின் கோடா மாத்த கம்பைலர் வேணும். ஆனா ஜிசிசி மாதிரி ஒரு கம்பைலர் அந்தச் சிப்புக்குள்ள நுழையவே நுழையாது. அப்ப என்ன வழி? கம்பைலர் உங்க லேப்டாப்ல ஓடணும், அது துப்புற கோட் மட்டும் சிப்புக்கானதா இருக்கணும். இதுதான் கிராஸ் கம்பைலர். ஒரு ஊர்ல சமைச்சு இன்னொரு ஊருக்கு டிபன் கேரியர்ல அனுப்புற மாதிரி.

இது புது யோசனை இல்ல. 1975-ல ஆல்டேர் 8800-ங்கிற கம்ப்யூட்டர் வந்தப்போ, பில் கேட்ஸும் பால் ஆலனும் அதுக்கு பேசிக் மொழியை எழுதினாங்க. அவங்க கையில ஆல்டேர் இல்ல. ஹார்வர்டுல இருந்த பிடிபி-10 மெஷின்ல, இன்டெல் 8080 மாதிரியே நடிக்கிற ஒரு சிமுலேட்டரை ஆலன் எழுதினார். ப்ரோக்ராமை அங்கயே எழுதி, அங்கயே சோதிச்சு, பேப்பர் டேப்ல எடுத்துக்கிட்டு அவர் ஆல்புகர்க்கி போனார். நிஜ ஆல்டேர்ல அன்னிக்குத்தான் முதல் தடவையா அது ஓடினது. எந்தப் புது சிப் வந்தாலும் கதை இதுதான்: அதோட முதல் ப்ரோக்ராம் வேற ஒரு மெஷின்லதான் பிறக்கும்.

பில்ட், ஹோஸ்ட், டார்கெட்: யார் யாரு?

கிராஸ் கம்பைலர் கட்டுறவங்க முதல்ல குழம்புற இடம் இது. மூணு வார்த்தை.

பில்ட்னா, கம்பைலரை எந்த மெஷின்ல கட்டுறோமோ அது. ஹோஸ்ட்னா, கட்டி முடிச்ச கம்பைலர் எந்த மெஷின்ல ஓடப் போகுதோ அது. டார்கெட்னா, அந்தக் கம்பைலர் உருவாக்குற கோட் எந்த மெஷின்ல ஓடப் போகுதோ அது.

மூணும் ஒண்ணா இருந்தா சாதாரண கம்பைலர். பில்டும் ஹோஸ்டும் ஒண்ணு, டார்கெட் மட்டும் வேறன்னா கிராஸ் கம்பைலர். மூணும் வேற வேறன்னா அதுக்குப் பேரு கனேடியன் கிராஸ். அந்தப் பேரு வந்த காலத்துல கனடாவுல மூணு தேசியக் கட்சி இருந்துச்சாம், அதனால வெச்ச பேரு. இது வெறும் வேடிக்கை இல்ல, விண்டோஸ் பகுதியில திரும்ப வரும்.

டார்கெட்டைச் சொல்ல ஒரு பேர் முறை இருக்கு. நம்ம பிகோவுக்கு "ஆர்ம்-நன்-ஈஏபிஐ". ஆர்ம்ங்கிறது ப்ராசஸர் குடும்பம். நன்னா ஆப்பரேட்டிங் சிஸ்டம் எதுவும் இல்லை. ஈஏபிஐங்கிறது, ஃபங்ஷனுக்கு மதிப்பை எந்த ரிஜிஸ்டர்ல அனுப்பணும்கிற மாதிரியான ஒப்பந்தம். இந்தப் பேர்ல ஒரு துண்டு தப்பானா, எல்லாம் சரியாக் கட்டின மாதிரியே தெரியும், ஆனா கிடைக்கிறது வேற ஒரு மெஷினுக்கான கம்பைலர்.

கம்பைலர்ங்கிறது ஒரு பொருள் இல்ல

சோர்ஸ்ல இருந்து கட்டும்போதுதான் இது புரியும். நமக்கு வேண்டியது மூணு பொட்டலம்.

முதல்ல பைன்யூட்டில்ஸ். அசெம்ப்ளர், லிங்க்கர், ஆப்ஜ்டம்ப் எல்லாம் இதுலதான் இருக்கு. ரெண்டாவது ஜிசிசி. இது சி கோடை அசெம்ப்ளியா மாத்துறதோட நிறுத்திக்கும், மீதி வேலையை பைன்யூட்டில்ஸ் கிட்ட கொடுத்துடும். மூணாவது சி லைப்ரரி. பிரின்ட்எஃப், மெம்காப்பி எல்லாம் இங்க இருக்கு. ஆப்பரேட்டிங் சிஸ்டம் இல்லாத போர்டுகளுக்குப் பொதுவா நியூலிப்.

இதோட ஜிசிசி கட்டுறதுக்கே ஜிஎம்பி, எம்பிஎஃப்ஆர், எம்பிசின்னு மூணு கணித லைப்ரரி வேணும். கம்பைல் பண்ணும்போதே எண்களைத் துல்லியமாக் கணக்குப் போட அது இதையெல்லாம் பயன்படுத்துது. தனித்தனியா தேட வேண்டாம். ஜிசிசி சோர்ஸுக்குள்ள கான்ட்ரிப் ஃபோல்டர்ல "டவுன்லோட்-ப்ரீரெக்விசிட்ஸ்"னு ஒரு ஸ்கிரிப்ட் இருக்கு. ஓட்டினா, அந்த வெர்ஷனுக்குப் பொருந்துறதை அதுவே இறக்கிக்கும். எந்த ஆப்பரேட்டிங் சிஸ்டமா இருந்தாலும் இந்த வழியைத்தான் சொல்வேன். உங்க சிஸ்டத்துல எந்த ஃபோல்டர்ல எந்த வெர்ஷன் கிடக்குங்கிற தலைவலி பாதி குறையும்.

இன்னொண்ணு, ஜிசிசியோட சோர்ஸ் இப்ப சி++. 2013-ல வந்த 4.8 வெர்ஷன்ல இருந்து, அதைக் கட்ட உங்க மெஷின்ல ஒரு சி++ கம்பைலர் ஏற்கனவே இருக்கணும். கம்பைலர் கட்டக் கம்பைலர் வேணும். இந்த விஷயத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க, கடைசியில இதுதான் பெரிய கேள்வியா மாறும்.

கட்டுற வரிசை

எல்லா சிஸ்டத்துக்கும் பொதுவான வரிசை இது.

ஒண்ணு, உங்க ஹோம் டைரக்டரிக்குள்ள ஒரு ஃபோல்டர். அதுதான் ப்ரிஃபிக்ஸ், எல்லாம் அங்கதான் இன்ஸ்டால் ஆகும். சிஸ்டம் ஃபோல்டர்ல போடாதீங்க. சூடோ தேவையே இல்லை, பிடிக்கலைன்னா ஃபோல்டரை அழிச்சாப் போதும்.

ரெண்டு, பைன்யூட்டில்ஸ். சோர்ஸ் ஃபோல்டருக்கு வெளிய தனியா ஒரு பில்ட் ஃபோல்டர் திறந்து, அங்க இருந்து கான்ஃபிகர் பண்ணணும். --டார்கெட், --ப்ரிஃபிக்ஸ் ரெண்டும் கொடுத்து, மேக், மேக் இன்ஸ்டால். முடிஞ்சதும் ப்ரிஃபிக்ஸுக்குள்ள இருக்கிற பின் ஃபோல்டரை பாத்-ல சேர்த்துடுங்க.

மூணு, ஜிசிசி, முதல் சுற்று. இங்கதான் கோழியா முட்டையா பிரச்சினை. முழு ஜிசிசி கட்ட சி லைப்ரரியோட ஹெடர்கள் வேணும். சி லைப்ரரி கட்ட, டார்கெட்டுக்கான கம்பைலர் வேணும். அதனால முதல் சுற்றுல சி மொழி மட்டும் தெரிஞ்ச ஒரு அரைகுறை கம்பைலர். ஆப்ஷன்கள்: --வித்அவுட்-ஹெடர்ஸ், --வித்-நியூலிப், --எனேபிள்-லாங்குவேஜஸ்=சி. அப்புறம் வெறும் "மேக்" போடாம "மேக் ஆல்-ஜிசிசி", "மேக் ஆல்-டார்கெட்-லிப்ஜிசிசி". இன்ஸ்டாலும் இதே மாதிரி ரெண்டு துண்டா.

நாலு, அந்த அரைகுறை கம்பைலரை வெச்சு நியூலிப்.

அஞ்சு, ஜிசிசி இரண்டாவது சுற்று. புது பில்ட் ஃபோல்டர், இந்த முறை சி++-ம் சேர்த்து.

பிகோ மாதிரி கார்டெக்ஸ்-எம் சிப்புக்கு இன்னொரு ஆப்ஷன் முக்கியம்: --வித்-மல்டிலிப்-லிஸ்ட்=ஆர்எம்ப்ரொஃபைல். ஆர்ம் குடும்பத்துல ஆர்ம், தம்ப்னு ரெண்டு வகை இன்ஸ்ட்ரக்ஷன் உண்டு. கார்டெக்ஸ்-எம் சிப்புகளுக்கு தம்ப் மட்டும்தான் தெரியும். இந்த ஆப்ஷன் போட்டா ஒவ்வொரு கோருக்கும் ஏத்த லைப்ரரி பிரதி தனித்தனியா கட்டப்படும். பில்ட் நேரம் கூடும், பரவாயில்லை. தப்பான பிரதி உள்ள போனா, சிப்புக்குப் புரியாத கோட் வந்ததும் அது அப்படியே நின்னுடும், எர்ரர் மெசேஜ்கூட வராது.

லிப்ஜிசிசி எதுக்கு?

"அது என்ன லிப்ஜிசிசி, இல்லாம விட்டா என்ன?"னு கேப்பீங்க. பிகோவுல இருக்கிற கார்டெக்ஸ்-எம்0 பிளஸ் கோருக்கு வகுத்தல் இன்ஸ்ட்ரக்ஷனே கிடையாது. ஆர்பி2040 சிப்ல தனியா ஒரு வகுத்தல் சர்க்யூட் வெச்சிருக்காங்க. ஆனா அது கோருக்கு வெளிய இருக்கு, ஜிசிசிக்கு அதைப் பத்தித் தெரியாது.

அப்ப நீங்க சி-யில "ஏ வகுத்தல் பி"ன்னு எழுதினா கம்பைலர் என்ன பண்ணும்? "ஏஇஏபிஐ-யூஐடிவ்"ங்கிற ஒரு ஃபங்ஷனைக் கூப்பிடச் சொல்லி கோட் எழுதிட்டுப் போயிடும். அந்த ஃபங்ஷன் இருக்கிற இடம்தான் லிப்ஜிசிசி. ப்ராசஸரால முடியாததை சாஃப்ட்வேர்ல செஞ்சு கொடுக்கிற கைப்பெட்டி. அதை விட்டுட்டா ஒரு சாதாரண வகுத்தல்கூட லிங்க் ஆகாது.

லினக்ஸ்: வழி நேரா இருக்கு

உபுண்டு, டெபியன்ல பில்ட்-எசென்ஷியல், ஃப்ளெக்ஸ், பைசன், டெக்ஸ்இன்ஃபோ போட்டா ஆரம்பிக்கலாம். இங்க வர்ற பெரிய பிரச்சினை மெமரிதான். "மேக் -ஜே"ன்னு எண் போடாம விட்டா, எத்தனை வேலை முடியுமோ அத்தனையையும் ஒரே நேரத்துல ஆரம்பிச்சுடும். சி++ கோட் கம்பைல் ஆகும்போது ரேம் நிறைய திங்கும். ரேம் தீர்ந்ததும் கெர்னலே ஒரு ப்ராசஸைக் கொன்னுடும். திரையில "இன்டர்னல் கம்பைலர் எர்ரர்: கில்ட்"னு வரும். பாத்தா ஜிசிசியில பக் மாதிரி இருக்கும், ஆனா பக் இல்ல. -ஜே-க்கு அப்புறம் சின்ன எண்ணாப் போட்டு மறுபடி ஓட்டுங்க.

மேக்: பேர் ஒண்ணு, ஆள் வேற

மேக்ல டெர்மினல் திறந்து ஜிசிசி-ன்னு அடிச்சா ஓடும். ஆனா அது ஜிசிசி இல்ல, அந்தப் பேர்ல இருக்கிற ஆப்பிளோட க்ளாங். பயப்பட வேண்டாம், க்ளாங்கை வெச்சே ஜிசிசி கட்டலாம்.

உண்மையான தொல்லை மத்த கருவிகள்ல. ஆப்பிள் கொடுக்கிற க்னூ மேக் வெர்ஷன் 3.81, அது 2006-ல வந்தது. பாஷ் வெர்ஷன் 3.2. ஏன் இவ்வளவு பழசு? அதுக்கு அப்புறம் வந்த வெர்ஷன்கள் ஜிபிஎல் மூணாவது பதிப்புக்கு மாறிடுச்சு, ஆப்பிள் அந்த லைசென்ஸ் பக்கமே போகலை. செட் கமாண்ட் பிஎஸ்டி ரகம், க்னூ ரகம் இல்ல. "-ஐ" ஆப்ஷன் ரெண்டுலயும் வேற மாதிரி நடக்கும். ஹோம்ப்ரூல இருந்து ஜிமேக், க்னூ செட் போட்டுக்கிட்டா இது தீரும். ஹோம்ப்ரூ இன்டெல் மேக்ல யூஎஸ்ஆர்-லோக்கல் கீழயும், எம்-சீரிஸ் மேக்ல ஆப்ட்-ஹோம்ப்ரூ கீழயும் உக்காரும். யாரோ எழுதின பழைய ஸ்கிரிப்ட் உங்க மேக்ல ஓடலைன்னா முதல்ல இதைப் பாருங்க.

அடுத்தது ஃபைல் சிஸ்டம். மேக்ல சாதாரணமா பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் பார்க்காது. பிகோவுக்குக் கட்டும்போது இது பெருசா தெரியாது. ஆனா லினக்ஸ் ஓடுற போர்டுக்குக் கம்பைலர் கட்டினா கெர்னல் ஹெடர்கள் வேணும். லினக்ஸ் கெர்னல் சோர்ஸ்ல நெட்ஃபில்டர் பகுதியில, பெரிய எழுத்து சின்ன எழுத்து மட்டுமே வித்தியாசமா இருக்கிற ஃபைல்கள் உண்டு. மேக்ல பிரிச்சா ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து, ஒரு ஃபைல் சத்தமில்லாம காணாமப் போகும். வழி என்னன்னா, டிஸ்க் யூட்டிலிட்டியில எழுத்து வித்தியாசம் பார்க்கிற தனி வால்யூம் ஒண்ணு உருவாக்கி அதுக்குள்ள கட்டுறது.

ஃப்ரீபிஎஸ்டி பயன்படுத்துறவங்களுக்கு ஒரே வரி: அங்க "மேக்"னா பிஎஸ்டி மேக், அதனால எல்லா இடத்துலயும் "ஜிமேக்"னு அடிங்க.

விண்டோஸ்: முதல்ல ஒரு முடிவு எடுங்க

விண்டோஸ்ல முதல் கேள்வி, கட்டி முடிச்ச கம்பைலர் எங்க ஓடணும்?

டபிள்யூஎஸ்எல்-க்குள்ள ஓடினாப் போதும்னா வேலை சுலபம். இரண்டாவது பதிப்பு நிஜ லினக்ஸ் கெர்னலையே பயன்படுத்துது, அதனால லினக்ஸ்ல சொன்னதெல்லாம் அப்படியே பொருந்தும். ஒரே எச்சரிக்கை, சோர்ஸை சி ட்ரைவ்ல வெச்சு, மவுன்ட்-சி வழியா கட்டாதீங்க. ரெண்டு சிஸ்டத்துக்கும் நடுவுல ஒவ்வொரு ஃபைலும் எல்லை தாண்டிப் போய்ட்டு வரணும், நத்தை மாதிரி நகரும். லினக்ஸ் பக்க ஹோம் டைரக்டரியில வைங்க.

நேரா விண்டோஸ்ல ஓடுற .எக்ஸ்இ வேணும்னா எம்எஸ்ஒய்எஸ்2, அதுல மின்ஜிடபிள்யூ கம்பைலர். நடக்கும், பொறுமை வேணும். கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் ஆயிரக்கணக்குல சின்னச் சின்ன ப்ராசஸ் உருவாக்கிக்கிட்டே போகும். யூனிக்ஸ் குடும்பத்துல ஃபோர்க் பண்றது மலிவு, விண்டோஸ்ல அதை நடிச்சுக் காட்டணும், அதனால விலை ஜாஸ்தி. ஒவ்வொரு புது ஃபைலையும் ஆன்டிவைரஸ் வேற முகர்ந்து பாக்கும். ஃபோல்டர் பேர்ல ஸ்பேஸ் வேண்டாம். கிட்ல இறக்கினா வரி முடிவு மாறாம பாத்துக்கோங்க, ஷெல் ஸ்கிரிப்ட்ல சிஆர்எல்எஃப் வந்துட்டா புரியாத எர்ரரா கொட்டும்.

இதுக்கு மூணாவது வழிதான் கனேடியன் கிராஸ். லினக்ஸ்ல உக்காந்து, விண்டோஸ்ல ஓடக்கூடிய, ஆர்ம் கோட் தயாரிக்கிற கம்பைலரைக் கட்டுறது. பில்ட் லினக்ஸ், ஹோஸ்ட் மின்ஜிடபிள்யூ, டார்கெட் ஆர்ம். பத்து பேருக்கு விண்டோஸ் டூல்செயின் கொடுக்கணும்னா இதுதான் வேகமான வழி. இதே கணக்குல, டாக்கர் கன்டெய்னர்ல கட்டினா கிடைக்கிறது லினக்ஸ்ல ஓடுற கம்பைலர்தான். மேக்ல டாக்கர் போட்டுக் கட்டிட்டு, வெளிய எடுத்து ஓட்ட முடியலைன்னு திகைக்கக் கூடாது.

கட்டினது சரியா இருக்கா?

"வெர்ஷன் நம்பர் வருது"ங்கிறது சோதனை இல்ல. ரெண்டு எண்ணை வகுத்துத் திருப்பித் தர்ற மூணு வரி சி ஃபங்ஷன் எழுதுங்க. -எம்சிபியூ=கார்டெக்ஸ்-எம்0பிளஸ் -எம்தம்ப் கொடுத்து கம்பைல் பண்ணி, ஆப்ஜ்டம்ப்ல பாருங்க. ஏஇஏபிஐ-யூஐடிவ் ஃபங்ஷனைக் கூப்பிடுற வரி தெரியணும். இப்ப அதையே கார்டெக்ஸ்-எம்4-க்குக் கம்பைல் பண்ணுங்க. அந்தக் கோருக்கு வகுக்கத் தெரியும், அதனால "யூடிவ்"னு ஒரே இன்ஸ்ட்ரக்ஷன் வரும். ஒரே சி கோட், ரெண்டு சிப், ரெண்டு விதமான மெஷின் கோட். இதைக் கண்ணால பாத்துட்டா, கம்பைலர் என்ன பண்ணுதுங்கிறது அப்புறம் மறக்காது.

இவ்வளவு கஷ்டம் எதுக்கு?

நேர்மையா சொல்லணும்னா, பெரும்பாலான நேரம் தேவையில்லை. உபுண்டுல ஒரே கமாண்டுல ஆர்ம் டூல்செயின் வந்துடும். க்ளாங் இருந்தா அது பிறவியிலேயே கிராஸ் கம்பைலர், --டார்கெட் மாத்தினாப் போதும், லைப்ரரியை மட்டும் நீங்க பாத்துக்கணும். லினக்ஸ் போர்டுகளுக்கு க்ராஸ்டூல்-என்ஜி, பில்ட்ரூட் எல்லாம் இந்த வேலையைத் தானா செய்யுது.

அப்புறம் ஏன் கட்டணும்? நம்பிக்கைக்காக.

2024 மார்ச் 29. ஆண்ட்ரஸ் ஃப்ராயிண்ட்ங்கிற போஸ்ட்கிரெஸ் டெவலப்பர் ஒரு விஷயத்தை வெளிய சொன்னார். எஸ்எஸ்ஹெச் லாகின் அரை செகண்ட் தாமதமாகுதேன்னு தோண்டிப் பாத்தவர், எக்ஸ்இசட் கம்ப்ரெஷன் லைப்ரரியில ஒரு பின்வாசல் வெச்சிருக்கிறதைக் கண்டுபிடிச்சார். 5.6.0, 5.6.1 வெர்ஷன்கள். அந்தப் பின்வாசலைத் திறந்துவிட்ட ஸ்கிரிப்ட் வரி எங்க இருந்துச்சு? பொதுவுல எல்லாரும் பாக்குற கிட்ல இல்ல. ரிலீஸ் டார்பாலுக்குள்ள, கான்ஃபிகர் ஸ்கிரிப்டை உருவாக்குற ஃபைல்ல. அதாவது, நாம யாரும் படிக்காம "ஓடினா சரி"ன்னு தாண்டிப் போற அதே இடத்துல. கையெழுத்து சரிபார்த்திருந்தாலும் தப்பிச்சிருக்க முடியாது, அதை வெளியிட்டவரே ப்ராஜெக்டோட பராமரிப்பாளர்களில் ஒருத்தர்.

இதுக்கு 40 வருஷம் முன்னாடியே, யூனிக்ஸை உருவாக்கின கென் தாம்சன் 1984-ல வெளியான தன்னோட டூரிங் விருது உரையில இன்னும் ஆழமான ஒண்ணைச் சொன்னார். ஒரு கம்பைலர் பைனரியில விஷம் வெச்சா, சுத்தமான சோர்ஸைக் கம்பைல் பண்ணினாலும் புதுக் கம்பைலர்லயும் அதே விஷம் ஏறும்படி செய்யலாம். சோர்ஸைத் தலைகீழா படிச்சாலும் தெரியாது. முன்னாடி சொன்னேனே, கம்பைலர் கட்டக் கம்பைலர் வேணும்னு. கேள்வி அங்கதான் இருக்கு.

இதுக்கு ஒரு பதில் இருக்கு. டேவிட் வீலர்ங்கிற ஆய்வாளர் 2005-ல எழுதினது. ஒரே சோர்ஸை, சம்பந்தமே இல்லாத ரெண்டு கம்பைலரால தனித்தனியா கட்டி, விளைவுகளை ஒப்பிட்டுப் பாருங்கன்னார். ரெண்டுலயும் ஒரே விஷம் இருக்கிறது ரொம்பக் கஷ்டம்.

இப்ப நாம இன்னிக்குப் பேசினதைத் திரும்பப் பாருங்க. லினக்ஸ்ல ஜிசிசியால ஒரு கிராஸ் கம்பைலர். மேக்ல க்ளாங்கால அதே சோர்ஸ்ல இருந்து இன்னொண்ணு. ரெண்டு எக்ஸிகியூட்டபிளும் வேற வேறதான், ஏன்னா ஹோஸ்ட் வேற. ஆனா ஒரே ப்ரோக்ராமை, ஒரே ஆப்ஷனோட ரெண்டுலயும் பிகோவுக்குக் கம்பைல் பண்ணினா வர்ற மெஷின் கோட் பைட் பைட்டா ஒண்ணா இருக்கணும். டீபக் தகவல்ல ஃபோல்டர் பேர் ஒட்டிக்கும், அதை மட்டும் எடுத்துடுங்க. அப்புறமும் வித்தியாசம் இருந்தா ஒண்ணு பக், இல்ல அதைவிட மோசமான ஏதோ ஒண்ணு. வேற வேற ஆப்பரேட்டிங் சிஸ்டம்ல கட்டுறது வரைக்கும் தலைவலியாத்தான் தெரிஞ்சது இல்லையா? அதுவே ஒருத்தரை ஒருத்தர் சரிபார்க்கிற ரெண்டு சாட்சி ஆயிடுது.

ஒரு மருத்துவக் கருவியோ ஒரு மின் மீட்டரோ பத்து வருஷம் ஓடணும். எட்டாவது வருஷம் ஒரு பிழை திருத்தணும்னா, அதே கம்பைலர், அதே வெர்ஷன், அதே ஆப்ஷன் வேணும். டவுன்லோட் லிங்க் அப்ப இருக்கும்னு யாரும் உத்தரவாதம் தர மாட்டாங்க. சோர்ஸும், கட்டின ஸ்கிரிப்டும், வெர்ஷன் எண்களும் கையில இருந்தா கட்டிக்கலாம்.

நம்ம ஊர்லயே இதுக்கு ஒரு உதாரணம் உண்டு. ஐஐடி மெட்ராஸ்ல உருவான சக்தி ப்ராசஸர் ரிஸ்க்-ஃபைவ் அடிப்படையில ஆனது. 2017-ல ஜிசிசி 7 வெளியீட்டுல ரிஸ்க்-ஃபைவ் ஆதரவு அதிகாரபூர்வமா சேர்ந்தது. சிலிக்கான் எவ்வளவு நல்லா இருந்தாலும், அதுக்குக் கோட் தயாரிக்கிற கம்பைலர் வேற ஒரு மெஷின்ல தயாரா இல்லைன்னா அது வெறும் மணல்தான்.

இந்த வாரக் கடைசியில ஒரு மதியம் ஒதுக்குங்க. பிகோ இல்லைன்னாலும் பரவாயில்லை, ஆப்ஜ்டம்ப் வரைக்கும் போக போர்டே தேவையில்லை. மேக் வெச்சிருக்கிறவங்களும் லினக்ஸ் வெச்சிருக்கிறவங்களும் ஜோடி சேர்ந்து, ரெண்டு பக்கமும் வந்த பைட்டுகளை ஒப்பிட்டுப் பாருங்க. ஒண்ணா வந்தா சந்தோஷம். வரலைன்னா எனக்குக் கண்டிப்பா சொல்லுங்க, அதை வெச்சே அடுத்த எபிசோட் பண்ணிடலாம். வரட்டுமா?